பிப் முடிவு தவறென்றால்: மனைவிக்காக, கணவருக்காக மேன்முறையிடும் வழி

பிப் (PIP) என்பது நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவருக்கு அரசு தரும் உதவிப்பணம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிப் முடிவுக் கடிதம் வந்தால் முதலில் அதன் மேலே அச்சாகியிருக்கும் திகதியைப் பாருங்கள். அந்தத் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் எதிர்ப்பைப் பதிய வேண்டும். தபால் எட்டு நாள் பிந்தி வந்தாலும் கணக்கு கடிதத்தின் திகதியிலிருந்துதான் ஓடும். அதனால் உறையை வீசாதீர்கள். அடுத்து உள்ளே இருக்கும் புள்ளி அட்டவணையைப் பாருங்கள். மற்றப் பக்கங்களை ஆறுதலாக வாசிக்கலாம்.

ஸ்கொட்லாந்தில் பிப் இப்போது இல்லை. அதன் இடத்தில் வந்த அடல்ட் டிஸபிலிட்டி பேமண்டுக்கு வேறு படிவம், 42 நாள் அவகாசம். கீழே சொல்லும் நடைமுறை அங்கே பொருந்தாது.

நோய்க்குப் புள்ளி இல்லை

"இவ்வளவு வருத்தம் இருக்கிறதே, எப்படி மறுத்தார்கள்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பிப்பில் எந்த நோய்க்கும் புள்ளி கிடையாது. அன்றாட வாழ்க்கைப் பிரிவில் 10 செயல்கள்: சமைப்பது, சாப்பிடுவது, மருந்து எடுப்பது, குளிப்பது, கழிப்பறைத் தேவை, உடுத்துவது, பேசிப் புரிவது, வாசிப்பது, ஆட்களோடு பழகுவது, பண முடிவுகள் எடுப்பது. நடமாட்டப் பிரிவில் 2: பயணத்தைத் திட்டமிட்டுப் போய்ச் சேர்வது, உடலால் நடப்பது. ஒவ்வொரு செயலின் கீழும் சில வாசகங்கள், ஒவ்வொரு வாசகத்துக்கும் அதற்கென்று குறித்த புள்ளிகள். ஒரு பிரிவில் 8 வந்தால் சாதாரண வீதம், 12 வந்தால் உயர் வீதம். ஒரே செயலுக்குள் இரண்டு வாசகம் பொருந்தினால் கூட்டக் கூடாது, பெரியதை மட்டும் எடுக்க வேண்டும்.

ஓர் உதாரணம். மனைவிக்கு ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ். கடிதத்தில் சமையலுக்கு 2, குளியலுக்கு 2, மற்றதெல்லாம் 0. மொத்தம் 4, பணம் இல்லை. இப்போது வீட்டில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். காய் வெட்டித் தருவதும் கொதிக்கும் பானையை வடிப்பதும் நீங்கள். அது "உதவி தேவை", 4 புள்ளி. குளியல் தொட்டிக்குள் கால் தூக்கி வைக்க நீங்கள் பிடிக்க வேண்டும், 3. இடுப்புக்குக் கீழ் உடுத்திவிட வேண்டும், 2. கழிப்பறையில் உயர்த்திய இருக்கையும் பிடிகம்பியும் இல்லாமல் எழும்ப முடியாது, 2. இதுவரை 11, சாதாரண வீதம். தினமும் மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்துக் கையில் கொடுப்பதும் நீங்கள்தான் என்றால் அதற்கு 1. மொத்தம் 12. 2025–26 வீதத்தில் சாதாரணம் வாரம் 73.90 பவுண், உயர்வு 110.40 பவுண். யாருமே எழுத நினைக்காத அந்த மாத்திரை அட்டைக்கு வாரம் 36.50 பவுண்.

இந்த வழக்குகளில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான். பல வருடமாகச் செய்துவருவதால் அது உதவியென்று உங்களுக்கே தோன்றாது. "கூடமாட நிற்கிறேன்" என்று சொல்லி முடித்துவிடுவீர்கள். கூடமாட நிற்பதைத்தான் புள்ளியாக்க வேண்டும். வேலைக்குப் போன இடத்திலிருந்து இரண்டு தரம் தொலைபேசியில் "மருந்து குடித்தாயா?" என்று கேட்பதும் உதவிதான். சட்டத்தில் அதற்கு நினைவூட்டல் என்று பெயர்.

யாருடைய பெயரில் பேசுகிறீர்கள்?

கல்யாணச் சான்றிதழ் இருப்பதால் மட்டும் டி.டபிள்யூ.பி. (DWP, பிப் முடிவை எடுக்கும் அரசுத் துறை) உங்களோடு பேசாது. துணைக்கு விளங்கும், ஆனால் பேசவும் எழுதவும் தெம்பில்லை என்றால், அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் போதும். தொலைபேசியில் என்றால் அவரைப் பக்கத்தில் இருத்தி, பெயரும் பிறந்த திகதியும் அவர் வாயால் சொல்லி, "என் கணவரோடு பேசுங்கள்" என்று சொல்ல வைத்தால் அந்த அழைப்புக்குப் போதும். டிமென்ஷியா, கடுமையான பக்கவாதம் போன்ற காரணத்தால் அவருக்குத் தன் பெனிஃபிட் விஷயத்தையே கையாள முடியாதென்றால் நீங்கள் அப்பாயின்டீ, அதாவது அவருக்குப் பதிலாக அதைக் கையாள நியமிக்கப்பட்டவர், ஆக வேண்டும். அதற்கு டி.டபிள்யூ.பி. உங்களைப் பேட்டி எடுத்து நியமிக்கும். அதன்பின் கையெழுத்தும் பொறுப்பும் உங்களுடையவை. கொஞ்சம் கட்டுப்பாடான பதவி அது. தேவையில்லாமல் ஏற்க வேண்டாம்.

படி 1: தொலைபேசியில் இரண்டு விஷயம்

கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்து மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன், அதாவது கட்டாய மறுபரிசீலனை, வேண்டுமென்று சொல்லுங்கள். இதைத் தாண்டாமல் தீர்ப்பாயத்துக்கு, அதாவது டி.டபிள்யூ.பி.யைச் சாராமல் மேன்முறையீட்டை விசாரிக்கும் மன்றத்துக்கு, போக முடியாது. அதே அழைப்பில் பி.ஏ.4 எனப்படும் மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியையும் கேளுங்கள், இலவசம். "விளக்கமும் ஆதாரமும் எழுத்தில் பின்னால் வரும், அதுவரை முடிவெடுக்க வேண்டாம்" என்பதையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். அழைத்த நாள், நேரம், பேசியவரின் பெயரைக் குறித்து வையுங்கள்.

எழுத்தில் கேட்க விரும்பினால் சி.ஆர்.எம்.ஆர்.1 படிவம் இருக்கிறது, சாதாரணக் கடிதமும் செல்லும். ஒவ்வொரு பக்கத்திலும் துணையின் பெயரும் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணும் இருக்கட்டும். பிரதி எடுத்துவிட்டு அனுப்புங்கள், அஞ்சலகத்தில் ரசீது வாங்குங்கள்.

ஒரு மாதம் கடந்துவிட்டால் கைவிட வேண்டாம். ஆஸ்பத்திரியில் இருந்தார், கடிதம் விளங்கவில்லை, வீட்டில் மரணம் போன்ற காரணத்தோடு முடிவுத் திகதியிலிருந்து 13 மாதம் வரை கேட்கலாம். காரணத்தை ஏற்காமல் தள்ளினாலும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று அதற்கு மேலே உள்ள மேல்தீர்ப்பாயம் 2017இல் தெளிவாக்கியிருக்கிறது. 13 மாதத்துக்குப் பிறகு கேட்டால் இந்த வழி பொதுவாக மூடிவிடும்.

படி 2: அறிக்கையை வரிவரியாக வாசியுங்கள்

பி.ஏ.4 கைக்கு வந்ததும் இரண்டு நிறப் பேனா எடுங்கள். நடக்காததை நடந்ததாக எழுதிய வரிக்கு ஒரு நிறம். நடந்ததிலிருந்து தவறாக ஊகித்த வரிக்கு இன்னொன்று. இரண்டாவது வகைதான் அதிகம் இருக்கும். 40 நிமிடம் கதிரையில் இருந்தார், ஆகவே சமைக்கலாம். கார் ஓட்டுகிறார், ஆகவே கைப்பிடி சரி, கவனமும் சரி. விசேட வைத்தியரிடம் போகவில்லை, ஆகவே கடுமையில்லை. கோயிலுக்குப் போகிறார், ஆகவே ஆட்களோடு பழகுகிறார். கோயிலுக்கு மாதம் ஒருமுறை போவதும், வாசலில் நீங்கள் இறக்கிவிட்டு அர்ச்சனை முடியுமுன் கூட்டி வருவதும் அறிக்கையில் இருக்காது. கேட்கப்படவில்லை, சொல்லப்படவுமில்லை.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "பரவாயில்லை", "ஏதோ சமாளிக்கிறேன்" என்போம். மொழிபெயர்ப்பில் அது "நன்றாகச் சமாளிக்கிறார்" என்று ஆங்கிலத்தில் ஏறிவிடும். அறிக்கையில் அப்படி இருந்தால், அந்தத் தமிழ்ச் சொல் என்ன, அதன் பொருள் என்ன என்று கடிதத்தில் எழுதுங்கள்.

படி 3: நான்கு சோதனைகள்

ஒரு செயலைச் செய்ய முடிகிறதா என்பதோடு விதி நிற்பதில்லை. பாதுகாப்பாகவும், ஏற்கத்தக்க தரத்திலும், தேவையான தடவைகள் திரும்பத் திரும்பவும், நியாயமான நேரத்துக்குள்ளும் செய்ய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நான்கில் ஒன்று இல்லையென்றாலும் செய்ய முடியாததாகவே கொள்ள வேண்டும். நியாயமான நேரம் என்றால் அந்தக் குறைபாடு இல்லாதவர் அதிகபட்சம் எடுக்கும் நேரத்தின் இரண்டு மடங்குக்குள். வலிப்பு போன்ற நோயில் வலிப்பு எத்தனை தரம் வருகிறது என்பதை மட்டும் பார்க்கக் கூடாது. வந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துத்தான் பாதுகாப்பை எடைபோட வேண்டும் என்று மேல்தீர்ப்பாயம் 2017இல் தீர்த்தது. அடுப்பு முன்னால் வலிப்பு வந்தால் என்ன நடக்கும் என்று எழுதுங்கள்.

பொருந்தும் வாசகம் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் உண்மையாக இருக்க வேண்டும். இங்கே ஒரு பொறி, ஒரு சலுகை. பொறி: வாரம் ஒருமுறை நீங்கள் போடும் ஊசியை மட்டும் காட்டி மருந்துப் புள்ளி கேட்டால் பாதி நாள் கணக்கில் விழுந்துவிடும். தினசரி மாத்திரையைக் காட்டுங்கள். சலுகை: அந்த நாளில் அற்பமென்று ஒதுக்க முடியாத ஒரு பகுதி நேரம் முடியாவிட்டாலும் அந்த நாள் கணக்கில் சேரும். காலை மூட்டு இறுக்கத்தில் உடுத்த முடியாது, மத்தியானம் முடியும் என்றால், மத்தியானம் வரை இரவு உடையோடு இருக்கச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை.

சில வரையறைகளைத் தெரியாமல் வாதாடினால் வீண். சமையல் என்பது ஒருவருக்கு ஒரு வேளை, பச்சைப் பொருளில் செய்யும் எளிய உணவு, இடுப்பு உயரத்திலோ அதற்கு மேலோ இருக்கும் அடுப்பில். நாலு கறியும் சோறும் எட்டுப் பேருக்குச் சமைக்க முடியவில்லை என்பதற்குப் புள்ளி வராது, ஓவனில் குனிந்து எடுக்க முடியவில்லை என்பதற்கும் வராது. பேசுவதும் வாசிப்பதும் தாய்மொழியில் பார்க்கப்படும். ஆங்கிலம் தெரியாதது குறைபாடு ஆகாது. தமிழ் வாசித்துக்கொண்டிருந்தவர் பக்கவாதத்துக்குப் பிறகு தமிழையே வாசிக்க முடியாமல் போனால் அதற்குப் புள்ளி உண்டு.

மனநோய் உள்ள துணைக்கு முக்கியமானது 2019இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. ஆட்களோடு பழக "சமூக ஆதரவு" தேவையென்றால் 4 புள்ளி. அந்த ஆதரவைத் தொழில்முறை ஊழியர்தான் தர வேண்டுமென்று இல்லை. அவரை அறிந்து, அவரைக் கையாளும் அனுபவம் உள்ள குடும்பத்தவரும் தரலாம். அதாவது நீங்கள். வெறுமனே பக்கத்தில் இருப்பது போதாது. வேறு யாராவது நின்றால் ஏன் சரிவராது, நீங்கள் என்ன செய்து அவரை நிலைப்படுத்துகிறீர்கள் என்று எழுத வேண்டும்.

படி 4: ஆதாரம்

ஜீபியின் (குடும்ப வைத்தியரின்) கடிதம் நல்லதுதான், ஆனால் அதற்குக் கட்டணம் கேட்கலாம். உங்கள் மனைவி குளிக்கும்போது ஜீபி பக்கத்தில் நிற்கவும் இல்லை. "நோயாளி சொல்கிறார்" என்று தொடங்கும் கடிதத்துக்கு எடை குறைவு. பதிலாக, துணையின் மருத்துவப் பதிவை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். மாத்திரைப் பட்டியல், ஆகுபேஷனல் தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து எழுதிய அறிக்கை, பிசியோ குறிப்பு, கவுன்சில் பொருத்திய கம்பியின் கடிதம் எல்லாம் சேர்க்கலாம். அனுப்புமுன் வாசியுங்கள். "இன்று நன்றாக இருக்கிறார்" என்ற ஒரு வரி அதில் இருந்தால் அதற்கு நீங்களே முதலில் விளக்கம் எழுத வேண்டும்.

அதைவிடப் பலம் உங்கள் சொந்த வாக்குமூலத்துக்கு. இரண்டு பக்கம் போதும். செயல் வாரியாகத் தலைப்பிட்டு, ஒவ்வொன்றிலும் நாலு விஷயம் சொல்லுங்கள்: நீங்கள் செய்வது என்ன, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை நிமிடம், செய்யாவிட்டால் என்ன நடந்தது. "அவளால் எதுவுமே முடியாது" என்று எழுதினால் நம்பமாட்டார்கள். "வாரத்தில் ஐந்து நாள் நான் தலைமயிர் கழுவிவிடுகிறேன், கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் வலியில் அழுவாள், மற்ற இரண்டு நாள் கழுவுவதில்லை" என்று எழுதினால் அதில் புள்ளி இருக்கிறது. கழிப்பறை விஷயம் எழுத இருவருக்குமே கூச்சமாக இருக்கும். அதை விட்டுவிட்டால் அந்தப் பெட்டியில் 0 விழும். துணையிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடு எழுதுங்கள்.

தமிழில் முதலில் எழுதிவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றினால் உண்மை நழுவாது. அனுப்புவது ஆங்கிலத்தில்தான்.

நடை தூரத்தை ஊகிக்காதீர்கள். "50 மீட்டர் நடப்பேன்" என்று யோசிக்காமல் சொன்ன ஒரு வார்த்தை எத்தனையோ வழக்கைக் கெடுத்திருக்கிறது. வாசலிலிருந்து எந்த விளக்குக் கம்பத்தில் நிற்கிறார் என்று பார்த்து அளவுநாடாவால் அளவுங்கள். 20 மீட்டர் என்பது ஏறத்தாழ இரண்டு டபுள் டெக்கர் பஸ்ஸின் நீளம். அதற்குமேல் மேற்சொன்ன நான்கு சோதனையோடு நடக்க முடியாதென்றால் 12 புள்ளி. 20க்கு மேல் 50 வரை துணைக்கருவி இல்லாமல் நடந்தால் 8, கைத்தடியோடு என்றால் 10.

இரண்டு வார நாட்குறிப்பும் எழுதுங்கள். நல்ல நாளையும் எழுதுங்கள்.

படி 5: மறுபரிசீலனையும் மேன்முறையீடும்

மறுபரிசீலனையை முடிக்க டி.டபிள்யூ.பி.க்குச் சட்டத்தில் காலக்கெடு இல்லை. வாரங்கள், சிலசமயம் மாதங்கள் ஆகும். பலருக்கு "முடிவில் மாற்றமில்லை" என்றுதான் வரும். சோர்ந்துபோய் இங்கேயே நிறுத்துகிறவர்கள் ஏராளம். அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். பிப் மேன்முறையீட்டு விசாரணைகளில் பாதிக்கு மேல் மனுதாரர் பக்கம் முடிந்துவருவது பல வருடப் போக்கு.

வரும் அறிவிப்பின் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் எஸ்.எஸ்.சி.எஸ்.1 படிவத்தையோ இணையப் படிவத்தையோ தீர்ப்பாயத்துக்கு அனுப்புங்கள். கட்டணம் கிடையாது. மறுபரிசீலனை அறிவிப்பின் பிரதி கூடப் போக வேண்டும். பிரதிநிதி என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டுத் துணை கையெழுத்திட வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தேவையென்று குறியுங்கள், இலவசம். இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா என்றும் எழுதுங்கள். நீங்களே மொழிபெயர்க்கலாம் என்று நினைக்காதீர்கள், குடும்பத்தவரை அந்த இடத்தில் ஏற்க மாட்டார்கள்.

விசாரணைக்கு வருகிறீர்களா, காகிதத்தை மட்டும் பார்த்துத் தீர்க்கட்டுமா என்று கேட்பார்கள். வருவதாகக் குறியுங்கள். நேரில் முடியாவிட்டால் தொலைபேசி, வீடியோ வழியும் உண்டு. காகிதத்தில் அந்தப் பி.ஏ.4 மட்டும் பேசும். நேரில் உங்கள் துணை பேசுவார்.

ஏற்கெனவே சாதாரண வீதம் கிடைத்து, உயர் வீதத்துக்காகப் போகிறீர்கள் என்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள். தீர்ப்பாயம் முழு முடிவையும் திறந்து பார்க்கலாம், குறைக்கவும் அதிகாரம் உண்டு. கையிலுள்ள புள்ளிகளில் எதற்கு ஆதாரம் பலவீனம் என்று பார்த்து, இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸிடமோ கவுன்சிலின் வெல்ஃபேர் ரைட்ஸ் பிரிவிடமோ காட்டிய பிறகு போவது நல்லது.

படி 6: பெரிய கட்டு

டி.டபிள்யூ.பி. 28 நாளுக்குள் தன் பதிலைத் தர வேண்டும். நூறு பக்கத்தைத் தாண்டும் கட்டு ஒன்று வரும், பக்க எண்ணோடு. அதில் பழைய பிப் மதிப்பீட்டு அறிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு புள்ளி கொடுத்து இப்போது வெட்டியிருந்தால், அந்தப் பழைய அறிக்கையைச் சேர்க்கும்படி தீர்ப்பாயத்துக்கு எழுதுங்கள். மூட்டு நோய் இடையில் மாறவில்லையே, புள்ளி எப்படிக் குறைந்தது என்று பக்க எண் காட்டிக் கேட்கலாம். உங்கள் பதிலை ஒரு மாதத்துக்குள் அனுப்புங்கள். விசாரணை நாளன்று கையில் கொண்டுபோகும் புதிய காகிதம் வழக்கை ஒத்திவைக்க வைக்கலாம்.

விசாரணைக்கு முன் டி.டபிள்யூ.பி.யிலிருந்து தொலைபேசியில் "இவ்வளவு தருகிறோம்" என்று பேசுவதும் உண்டு. துணை தனியே பதில் சொல்ல வேண்டாம். எந்தச் செயலுக்கு எத்தனை புள்ளி என்று கேட்டு எழுதிக்கொண்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று வையுங்கள். முடிவை உயர்த்தி மாற்றினால் நடக்கும் மேன்முறையீடு முடிந்துவிடும். குறைவாக இருந்தால் புது முடிவுக்கு எதிராக மறுபடி மேன்முறையிட வேண்டிவரும்.

படி 7: விசாரணை நாள்

மூன்று பேர் இருப்பார்கள்: நீதிபதி, வைத்தியர், இயலாமை பற்றி அனுபவமுள்ள உறுப்பினர். டி.டபிள்யூ.பி. தரப்பில் ஒருவர் வரலாம், வராமலும் இருக்கலாம். கேள்வி நேரே உங்கள் துணைக்குத்தான் வரும். இடையில் புகுந்து பதில் சொல்வதுதான் கணவன்மார் செய்யும் பெரிய பிழை. அவர் தடுமாறினால் தடுமாறட்டும், அந்தத் தடுமாற்றமும் சாட்சிதான். உங்கள் முறை வரும், அப்போது விட்டுப்போனதைச் சொல்லுங்கள்.

அவர்கள் பார்ப்பது டி.டபிள்யூ.பி. முடிவெடுத்த நாளில் இருந்த நிலையை. பிறகு மோசமானது இந்த வழக்கில் சேராது. "இப்போது எப்படி?" என்று யோசிக்காமல், "முடிவெடுத்த அந்த மாதம் எப்படி இருந்தது?" என்று வீட்டிலேயே பேசிப் பழகுங்கள். முடிவுக்குப் பிறகு எழுதிய வைத்தியர் கடிதம் என்றால், அது பழைய நிலையைப் பற்றியும் பேசுகிறதா என்று பாருங்கள்.

"முடியுமா?" என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று மட்டும் சொன்னால் ஆபத்து. "முடியும், ஆனால் பிறகு ஒரு மணித்தியாலம் படுக்க வேண்டும்" என்பது முழுப் பதில். பயணச் செலவைத் திரும்பக் கேட்கலாம், டிக்கெட்டை வைத்திருங்கள்.

தீர்ப்புக்குப் பிறகு

தோற்றால், ஒரு மாதத்துக்குள் எழுத்தில் முழுக் காரணங்களைக் கேளுங்கள். மேல்தீர்ப்பாயத்துக்குச் சட்டப் பிழை இருந்தால்தான் போகலாம், "நம்பவில்லை" என்ற ஆதங்கம் போதாது. முக்கிய ஆதாரத்தைப் பார்க்காதது, காரணம் சொல்லாதது, நான்கு சோதனையை மறந்தது ஆகியவை சட்டப் பிழைகள். நிலை மோசமாகியிருந்தால் புது விண்ணப்பமும் போடலாம்.

வென்றால் பழைய முடிவு நாளிலிருந்து பாக்கிப் பணம் வரும், சில வாரம் எடுக்கும். அன்றாட வாழ்க்கைப் பிரிவு கிடைத்திருந்தால் உங்கள் பங்கும் இருக்கிறது. வாரம் 35 மணித்தியாலமோ அதற்கு மேலோ பார்த்துக்கொள்கிறவருக்குக் கேரர்ஸ் அலவன்ஸ், 2025–26இல் வாரம் 83.30 பவுண். நீங்கள் வேலை செய்தால் வருமானத்துக்கு உச்சவரம்பு உண்டு, 2025–26இல் அது கழிவுகள் போக வாரம் 196 பவுண். பிப் தீர்ப்பு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்தால் துணையின் பிப் தொடங்கிய நாள் வரை பின்னோக்கித் தருவார்கள். நாலாம் மாதம் போனால் அந்தப் பழைய பாக்கி போய்விடும். யுனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானத்துக்கான உதவிப்பணம்) எடுக்கிறவர்கள் அதே நாளில் அதன் இணையக் கணக்கிலுள்ள ஜேர்னலில் பிப் தீர்ப்பையும் பராமரிப்பையும் எழுதிவிடுங்கள்.